600 மணி நேரம் என்றால் எத்தனை மாத ஹாஸ்டல் பணம்?

அக்கா, ஏ.சி. மெக்கானிக் பயிற்சி 600 மணி நேரம் என்று நோட்டீஸில் பார்த்ததும் உங்கள் மகன் போனில் கணக்குப் போட்டு, "வெறும் 25 நாள்தான்" என்றானாமே. வகுத்தல் சரிதான், 600-ஐ 24-ஆல் வகுத்தால் 25. மாதமாக மாற்றினால் போன் 0.82 என்று காட்டும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், மாதத்துக்கு 730 என்று அதற்கு ஒரு கணக்கு. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் பையன் கம்ப்ரசர் முன்னால் உட்கார்ந்திருந்தால்தான் அது பலிக்கும். இதை நம்பி ஒரு மாத ஹாஸ்டல் பணத்தோடு நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், அவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காலண்டரில் முப்பது நாள் இருந்தாலும் மழை பிடித்த காலையில் வெட்டு நடக்காது. மாதத்தில் எத்தனை நாள் வெட்டினோம் என்பதுதானே அவர் கணக்கு!

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று முதலில் கேளுங்கள். நாலு மணி நேரம் என்றால் 150 நாள். வாரம் ஐந்து நாள் நடந்தால் 30 வாரம். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள், நாலால் வகுத்து ஏழரை மாதம் என்பார்கள். மாதத்துக்கு நாலே வாரம் என்றால் வருஷத்துக்கு 48 தானே வரும், மீதி நாலு வாரம் எங்கே போயிற்று? 4.33-ஆல் வகுங்கள், ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அப்புறம் நம் குமரி மாவட்டத்து லீவுகள் இருக்கின்றன. ஓணம், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ். எட்டு மாதத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். இதே 600 மணி நேரத்தைத் தினம் எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று நடத்தினால் மூன்று மாதம்கூட ஆகாது.

600 மணி நேரமும் வகுப்பறையில்தானா என்றும் கேட்க வேண்டும். படிப்பை கிரெடிட் என்ற அலகால் அளக்கும் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். அந்த முப்பதில் செய்முறை, வீட்டில் உட்கார்ந்து படிப்பது, தேர்வு எல்லாம் அடக்கம்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, சித்தப்பா கடையில் ஆறு மாதம் சனி, ஞாயிறு மட்டும் ஆறாறு மணி நேரம் நின்றதை பயோடேட்டாவில் 'ஆறு மாத அனுபவம்' என்று போட்டிருக்கிறாய். கூட்டினால் 312 மணி நேரம். தினம் எட்டு மணி, மாதம் 26 நாள் என்ற முழுநேர வேலைக்கு மாதம் 208. ஆக, உன் கையில் இருப்பது ஒன்றரை மாத அனுபவம். 'வார இறுதி வேலை, சுமார் 310 மணி நேரம்' என்றே எழுது. இன்டர்வியூவில் நோண்டிக் கேட்டாலும் திணற வேண்டியதில்லை.

அக்கா, பீஸ் ரசீதிலேயே தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதான் மணி நேரம் போட்டிருக்கோமே" என்று இழுத்தால், பணத்தைக் கட்டாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள்.