40 வகுப்புக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம் உண்டு. பாலர்பள்ளியில் கே2 படிக்கிறான். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறான். இரண்டு வரி எழுதினாலே கை வலிக்குது என்கிறான். ஜனவரியில் தொடக்கநிலை 1. ஒரு சிகிச்சை நிலையம் 40 வகுப்புக்கு முன்பணம் கட்டினால் பிடியைத் திருத்தித் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? – வாசகி, ஈசூன்

கட்டாதீர்கள் அம்மா. சிகிச்சையாளர் யார் என்று முதலில் கேளுங்கள். சிங்கப்பூரில் தொழில்வழிச் சிகிச்சையாளர் (எழுதுவது, பட்டன் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) ஏஎச்பிசி எனும் சுகாதாரத் துணைத்தொழில் வல்லுநர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரைத் தட்டினால் இணையத்திலேயே தெரியும். பணத்தை வாங்கிய பிறகுதான் பெயரைச் சொல்வோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையைப் பார்க்கும் முன்பே 40 என்று எண்ணிக்கை சொல்பவர் உங்கள் பயத்துக்கு விலை போடுகிறார். ரப்பர் பிடி, மூளைப் பயிற்சி விளக்கு என்று விற்பவர்களும் அப்படித்தான்.

மூன்று விரல் பிடிதான் சரி என்பதில்லை. நான்கு விரலால் பிடித்தும் தெளிவாக எழுதலாம். முஷ்டிப் பிடியில் விரல்கள் அசையாமல் தோளே எழுதுகிறது. அதுதான் சிக்கல், களைப்பும் அதனால்தான்.

முதலில் நாற்காலி. கால் தொங்கினால் அடியில் பெட்டி வையுங்கள். மேசை முழங்கைக்குச் சற்று மேலே இருக்கட்டும். தடித்த ரிங் ஃபைலின் முதுகு எதிர்ப்பக்கம் இருக்கும்படி படுக்கவைத்தால் சரிவுப் பலகை தயார்.

கிரேயானை 3 சென்டிமீட்டர் துண்டாக உடையுங்கள். அவ்வளவு சிறியதை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வரும். சுவரில் ஒட்டிய தாளில், கண் மட்டத்தில், தினமும் 5 நிமிடம் வரையட்டும். மணிக்கட்டு பின்னால் வளைந்து விரல்கள் விடுபடும். துணி காயப்போடும்போது பத்து கிளிப்பை அவனே மாட்டட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு டிஷ்யூ உருண்டையை உள்ளங்கையில் இறுக்கியிருக்க, மற்ற விரல்கள்தான் வேலை செய்ய வேண்டும்.

தமிழில் ட, ப, ம முதலில். சுழிக்கும் இ, ஞ கடைசியில்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், வலிக்கிறது என்று அவன் சொல்வதால். எழுதும்போது ஆள்காட்டி விரலின் மேல் கணு உள்நோக்கிக் குழிந்து, நகம் வெளுக்கிறதா பாருங்கள். அப்படியானால் மூட்டு தளர்வாக இருக்கலாம். பென்சில் நழுவாமலிருக்கத்தான் நசுக்குகிறான். "மெதுவாப் பிடி" என்று அதட்டிப் பயனில்லை. களிமண்ணைப் பலமாகப் பிசையவைத்தால் மூட்டு இன்னும் நொந்துபோகலாம். தடித்த 4பி பென்சில் கொடுங்கள், அழுத்தாமலே பதியும். இரண்டு நிமிடம் எழுதினால் ஒரு நிமிடம் ஓய்வு. மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு போனால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ மானியக் கட்டணத்தில் பார்ப்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆறு வயதுக் கைக்கு மாதங்கள் எவ்வளவு பெரியவை என்று அந்த வரிசையை வகுத்தவர்கள் யோசிக்கவேண்டும். இன்றே பதியுங்கள், மேலே சொன்னதை இன்றிரவே தொடங்குங்கள். ஏற்கெனவே ஈபிக் நிலையத்தில் (சிறப்புத் தேவையுள்ள சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டம்) இருந்தால், அங்குள்ள சிகிச்சையாளரிடம் வீட்டுப் பயிற்சியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கும் ஜனவரிக்கு முன்பே சொல்லி, பெரிய கட்டம் போட்ட தாள் கேளுங்கள்.

முன்பு பட்டன் போட்டவன் இப்போது போட முடியாமல் தவித்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.