கேள்வி – பதில்: உடைவதற்கென்றே ஒரு சுவர்

கேள்வி: 2025 ஒக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வெடிபொருள் ஆலையொன்று வெடித்து 16 பேர் உயிரிழந்த செய்தியோடு வந்த படங்களில், ஆலையின் கட்டடங்கள் காட்டுக்குள் தள்ளித் தள்ளி நின்றன. வசதி படைத்த அந்த நாட்டில் எல்லாவற்றையும் உறுதியான ஒரே கொங்கிறீற் கட்டடத்துக்குள் அடக்கிவிட முடியாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடக்கினால்தான் ஆபத்து. துப்பாக்கி மருந்தைத் திறந்தவெளியில் கொஞ்சமாய்க் கொட்டிக் கொளுத்தினால் சீறி எரிந்து அடங்கிவிடும். அதையே இறுக மூடிய கலத்துக்குள் கொளுத்தினால், வாயு வெளியேற வழியில்லாமல் அமுக்கம் ஏறி, எரிதல் வெடிப்பாக மாறும். ஆகவே மருந்து கலக்கும் அறைகளில் மூன்று பக்கச் சுவர்களைத் தடிப்பாகக் கட்டிவிட்டு, நான்காவது பக்கத்தையோ கூரையையோ வேண்டுமென்றே மெலிதாக விடுவதுண்டு; வெடித்தால் அதன் வேகம் ஆளில்லாத திசையில் பிய்த்துக்கொண்டு போகட்டும் என்பதே கணக்கு. உடைவதற்கென்று சுவர் எழுப்பச் சொன்னால் நம்மூர் மேசன்மார் சிரிப்பார்கள்.

நீங்கள் கவனித்த இடைவெளிக்கும் கணக்கு உண்டு. ஓர் அறை வெடித்தால் அடுத்தது வெடிக்காதிருக்க வேண்டிய தூரம், மருந்தின் எடையினது கனமூலத்தைப் பொறுத்தது. மருந்து எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காக வேண்டும். இடையே மண்மேடும் எழுப்புவார்கள். ஓர் அறையில் எத்தனை கிலோ மருந்து, எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பும் வாசலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

தீப்பொறியைத் தடுக்கும் ஏற்பாடுகள் தனி. தொழிலாளி மின்கடத்தும் சப்பாத்தோடு வாசலிலுள்ள உலோகத் தட்டில் ஏறி நின்று, உடம்பில் தேங்கிய நிலைமின் தரைக்கு இறங்குவதைக் கருவி காட்டிய பிறகே உள்ளே போகலாம். நைலோன் உடை கூடாது. இரும்புக்குப் பதிலாக வெண்கலக் கருவிகள். உலர்ந்த காற்றில்தான் நிலைமின் அதிகம் தேங்கும் என்பதால், நாம் தினமும் திட்டித் தீர்க்கும் கொழும்புப் புழுக்கம் இந்த ஒரு விடயத்தில் தொழிலாளியின் பக்கம் நிற்கும்.

இத்தனை இருந்தும், தூரம் தவறினால் மற்றவை கைகொடுப்பதில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனின் சில்வர்டவுனில், குடியிருப்புகள் நெருங்கிய பகுதியிலிருந்த இரசாயன ஆலையொன்றிலேயே டி.என்.டி. என்ற வெடிமருந்தின் சுத்திகரிப்பை நடத்தினார்கள். 1917 ஜனவரி 19 மாலை கிட்டத்தட்ட 50 தொன் வெடித்தது. 73 பேர் இறந்தனர், 60,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமில் வெடித்தது ஆலையன்று, களஞ்சியம். ஆனாலும் தூரக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு படைவீரர் உயிரிழந்தார். சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக வீடுகளைவிட்டு வெளியேற, வெடித்துச் சிதறிய துண்டுகள் அவர்களுடைய முற்றங்களில் கிடந்தன.