ஸ்ட்ரெஸ்ஸா, ஆங்சைட்டியா? மனநல மருத்துவர் பதில்கள்

கே: ஐ.டி. வேலை. மார்ச் முழுக்கத் தூக்கமில்லை, எரிச்சல், தலைவலி. ப்ராஜெக்ட் முடிந்து ஒரு மாதமாகிறது. நெஞ்சு இன்னும் படபடக்கிறது. ஸ்ட்ரெஸ்தானே டாக்டர்?

ப: மார்ச்சில் இருந்தது ஸ்ட்ரெஸ். இதனால்தான் என்று கைகாட்ட ஒரு காரணம் இருந்தது. அது போனதும் உடம்பு தணிந்திருக்க வேண்டும். இப்போது என்ன பயம்? ‘அடுத்த ப்ராஜெக்ட் என்னாகுமோ, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்று மனசு ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவினால் அது ஆங்சைட்டியின் குணம். அதற்காக இன்றே நோய் என்று எழுதிவிட மாட்டேன். 6 மாதமாவது, பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை இருந்து, வேலையோ வீடோ அதனால் கெட்டால்தான் அந்தப் பெயர். முதலில் தைராய்டு டெஸ்ட் எடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை வரும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு அல்ப்ரசோலம் (பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை) மட்டும் வாங்காதீர்கள்.

கே: மகள் நீட் எழுதப் போகிறாள். மாதிரித் தேர்வு வந்தாலே வயிறு கலக்குகிறது.

ப: தேர்வு முடிந்த சாயங்காலம் பசித்துச் சாப்பிடுகிறாளா? அப்படியானால் கவலை வேண்டாம். தேர்வுக்கே போக மாட்டேன் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கே: எனக்கும் படபடப்பு. ஸ்ட்ரெஸ்ஸா, ஆங்சைட்டியா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: வயது 52. காலையிலிருந்து நெஞ்சு இறுக்கம், வியர்வை. டென்ஷனாக இருக்குமோ?

ப: இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. முதலில், மனசு பிறகு.

கே: காபியை விட வேண்டுமா?

ப: படபடப்பு இருந்தால் குறையுங்கள். 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி ராத்திரி 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

கே: கும்பகோணத்துக்காரன் நான். என் தாத்தா ராத்திரி டிகிரி காபி குடித்துவிட்டுக் குறட்டை விடுவார்!

ப: தாத்தாவுக்குப் படபடப்பு இருந்ததா? காஃபினைக் கல்லீரல் கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.

கே: சிக்கரி கலந்தால்?

ப: சிக்கரியில் காஃபின் கிடையாது.

கே: சிக்கரி கலந்ததெல்லாம் ஒரு காபியா?

ப: ஐயா, அந்தப் பஞ்சாயத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கும் படபடப்பு...

ப: முதல் பதில்!

கே: 2 வருஷமாகத் தினமும் அல்ப்ரசோலம் போடுகிறேன். இன்றோடு நிறுத்திவிடட்டுமா?

ப: கூடவே கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில்கூட ஆகும். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.