நான்கு மடங்கான சின்னப் பங்கு: எவ்வளவு விற்பது?

கேள்வி: மொத்த முதலீட்டில் 5 சதவீதத்தை ஒரு சின்ன கம்பெனிப் பங்கில் போட்டேன். கம்பெனி இன்னும் லாபம் பார்க்கவில்லை, அதன் புதுத் தொழில்நுட்பம் கைகூடும் என்ற நம்பிக்கைதான். விலை இப்போது நான்கு மடங்கு. "போட்ட முதலை எடுத்துவிடு, மீதி ஓடட்டும்" என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: ஒரு பகுதியை விற்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை நண்பர்கள் சொல்லும் கணக்கு சரியாகச் சொல்லாது.

உங்கள் மொத்த முதலீடு 100 என்று வையுங்கள். இந்தப் பங்கில் போட்ட 5 இப்போது 20. மற்றது அப்படியே 95 என்றால், மொத்தம் 115. அதில் இந்த ஒரே பங்கு 17 சதவீதத்துக்கு மேல். முதலை மட்டும் எடுத்தால் 5 வெளியே வரும், 15 உள்ளே நிற்கும். அதாவது இன்னும் 13 சதவீதம். இதே பங்கு பத்து மடங்காகியிருந்தால்? அப்போது அது 145-இல் 50. முதலை எடுப்பவர் பத்தில் ஒரு பங்கைத்தான் விற்பார், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான பணம் அங்கேயே மாட்டியிருக்கும். ஆபத்து ஏற ஏற விற்பனை குறைகிற விநோதமான விதி இது. மீதி ஓசியில் வந்த பணம் என்று தோன்றும். ஆனால் அதுவும் உங்கள் பணம்தான், போனால் போனதுதான்.

நான் கணக்குப் போடுவது மறுமுனையிலிருந்து. இந்த மாதிரிப் பங்கு ஒரு கெட்ட செய்தியில் 70 சதவீதம் விழுவது அதிசயமில்லை. அப்படி விழுந்தால் மொத்தத்தில் எவ்வளவு போனால் உங்கள் திட்டங்கள் கலையாது? 7 சதவீதம் என்றால் இந்தப் பங்குக்கு உச்சவரம்பு 10 சதவீதம், ஏனென்றால் 10-இல் 70 சதவீதம் 7. 115-இல் 10 சதவீதம் 11.5. ஆக, 20-இல் 8.5-ஐ விற்க வேண்டும், கையிலிருப்பதில் சுமார் 42 சதவீதம். உங்களால் 7 தாங்காது, 4-தான் தாங்கும் என்றால் இன்னும் அதிகம் விற்க வேண்டியிருக்கும். அந்த எண்ணை நீங்கள்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் முழுதாகவே விற்றுவிடலாமே? அமெரிக்கப் பங்குகளின் 1926 முதல் 2016 வரையிலான வரலாற்றை நிதியியல் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் ஆராய்ந்தார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்கு மேல் சந்தை ஈட்டிய செல்வம் முழுவதும் ஏறத்தாழ 4 சதவீதப் பங்குகளிலிருந்தே வந்தது என்பது அவர் கண்டது. பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அந்தப் பத்திரம் தந்த அளவுகூடத் தரவில்லை. உங்களுடையது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் கொஞ்சம் வைத்திருப்பதும், வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் உடனே வெட்டாமலிருப்பதும். 10 வரம்பென்றால், 13 அல்லது 14 ஆகும்வரை பொறுத்திருந்து பிறகு 10-க்கு இறக்குங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது வால்யூம், அதாவது ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை. திரையில் தெரியும் விலைக்கு உங்கள் பங்கை எல்லாம் வாங்க ஆளிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் சராசரியாக 20,000 பங்குகள் கைமாறுகின்றன, நீங்கள் 4,250 விற்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே நாளில் கொட்டினால் உங்கள் விற்பனையே விலையை இறக்கும். தினசரி வால்யூமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மூன்று நாளில் பிரித்து, லிமிட் ஆர்டரில் (இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லும் ஆர்டர்) விற்கலாம். அதுவும் விலை ஏறுகிற நாளில், வாங்குபவர் கூட்டம் இருக்கும்போது. விழும் நாளில் அந்தக் கூட்டம் காணாமல் போய்விடும்.

வரியைப் பொறுத்தவரை, சில வாரம் பொறுத்தால் வரி விகிதம் குறையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பெரிய ஆபத்தைச் சுமக்காதீர்கள்.

இன்னொன்று. நான் சொன்ன கணக்கெல்லாம் கம்பெனியைப் பற்றிய உங்கள் நம்பிக்கை மாறாதபோதுதான். ஆடிட்டர் திடீரென்று விலகினாலோ, நிதி அறிக்கை தள்ளிக்கொண்டே போனாலோ, கைக்காசு தீர்ந்து அடிக்கடி புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டினாலோ, வாங்கியதற்கான காரணமே ஆட்டம் கண்டுவிட்டது. அப்போது சதவீதம் பார்க்காதீர்கள், முழுதாக வெளியேறுங்கள்.

விற்றபின் விலை இன்னும் ஏறினால் மனசு அடித்துக்கொள்ளும்தான். அப்போதும் மீதி 58 சதவீதம் உங்களிடமே இருக்கும். அது மறுபடி மொத்த முதலீட்டில் 14 சதவீதத்தைத் தொட்டால் இதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள்.