190இ எவோ 2-வா, லான்சர் எவோ 6-ஆ?

பழைய ஸ்போர்ட்ஸ் செடான்களில் ஜெர்மன் மேலா, ஜப்பான் மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகப் பிடித்த இரண்டை வைத்தே சொல்கிறேன்: 1990-இல் வந்த மெர்சிடிஸ் 190இ எவோ 2, 1999-இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவோ 6.

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் பேச்சே இல்லை, லான்சர்தான். 2 லிட்டர் டர்போ இன்ஜினில் 280 குதிரைத்திறன் (ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்பு அது), நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட சுமார் 5 விநாடி. மெர்சிடிஸில் 2.5 லிட்டர், டர்போ கிடையாது, 235 குதிரைத்திறன். நூறுக்கு 7 விநாடிக்கு மேல் ஆகும்.

ஆனால் வித்தியாசம் நாட்டைவிடக் களத்தில்தான் அதிகம் இருக்கிறது. பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் அதே காரை இத்தனை எண்ணிக்கையில் தயாரித்திருக்க வேண்டும் என்ற விதியால் பிறந்தவை இரண்டும். எவோ 2 மொத்தமே 502 கார்கள். அது ஓடியது டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயத் தொடரில், அதாவது தார் போட்ட பந்தயத் தடத்தில். 1992-இல் கிளாஸ் லுட்விக் அதில் பட்டம் வென்றார். லான்சருக்கு உலக ராலி: பனி, சரளை, சேறு. டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டம் எடுத்தார்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்தபோது கூட வேலை பார்த்த ஒருவர் தன் 190இ 2.3-16-ஐ ஓட்டக் கொடுத்தார். எவோவுக்கு அண்ணன் அது. பழக்கத்தில் கியரை இடப்பக்கம் மேலே தள்ளப் போனேன், சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். அங்கே இருப்பது ரிவர்ஸ்! முதல் கியர் இடப்பக்கம் கீழே. பந்தயத்தில் முதல் கியர் கிளம்பும்போது மட்டும்தான் வேண்டும். அடிக்கடி மாற்றும் இரண்டும் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள். இன்ஜினும் மெதுவாகச் சுழலும்போது எதுவும் தராது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 4500-ஐத் தாண்டும்வரை சாதுவாக இருந்தது, அப்புறம்தான் சத்தமே மாறியது.

எவோ 6-இல் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தேன். ஜப்பானின் ஹகோனே மலைப்பாதை, நல்ல மழை. வளைவின் நடுவில் நண்பர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், போச்சு, வெளியே தள்ளப்போகிறது என்று நினைத்தேன். கார் மூக்கை உள்பக்கம் திருப்பிக்கொண்டு போனது. ஏஒய்சி என்ற அமைப்பு பின்பக்கத்தில் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் விசை அனுப்புவதால் வருவது அது. இறங்கியதும் முன்பக்கம் போய்ப் பார்த்தேன்: நம்பர் பிளேட்டுக்குக்கூட நடுவில் இடமில்லை, காற்று உள்ளே போக வேண்டும் என்று ஓரமாகத் தள்ளியிருந்தார்கள்.

என் ஓட்டு லான்சருக்கு. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லான்சரும் இதே தலைமுறைதான். மாமாவிடம் ஒன்று இருந்தது. ஹகோனேயில் எவோவின் கதவைத் திறந்தபோது, சிறுவயதில் அவர் கார் கதவைத் திறந்த ஞாபகம்தான் வந்தது.