நகையின் விலை ஏறியது, கடன் இறங்கவில்லை

கேள்வி: கும்பகோணத்தில் செல்போன் கடை நடத்துகிறேன். 2018-இல் ஏர்செல் சேவை முடங்கி ரீசார்ஜ் வருமானம் குறைந்தபோது, மனைவியின் 22 சவரன் நகையை அடகு வைத்து 4 லட்சம் ரூபாய் வாங்கினேன். ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி மறு அடகு வைத்து வருகிறேன். தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கு மேலும் 3 லட்சம் கிடைக்கும், அதில் விலை மலிந்த தொலைத்தொடர்புப் பங்கு ஒன்றை வாங்கலாம் என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐந்துக்கும் பத்துக்கும் கிடைக்கும் பங்குகளின் மீது இப்போது பலருக்கும் வந்திருக்கும் மோகத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்களைக் கரைப்பது மறு அடகு. 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 40,000, ஏழு ஆண்டுகளில் 2.8 லட்சம். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

ஏர்செல்லின் முடிவைக் கடையிலிருந்து பார்த்த நீங்கள் அதன் கடன் கணக்கையும் பார்க்க வேண்டும். 1999-இல் தொழிலதிபர் சிவசங்கரன் தொடங்கி, தமிழ்நாட்டில் வலுவாக வேரூன்றிய அந்த நிறுவனம், 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போன பிறகு நாடெங்கும் விரிந்தது. 2010 ஏலத்தில் 3ஜி அலைக்கற்றைக்குச் சுமார் 6,500 கோடி ரூபாயும், எட்டு தொலைத்தொடர்பு வட்டங்களுக்கான (சேவைப் பகுதிகளுக்கான) அகண்ட அலைவரிசை அலைக்கற்றைக்கு 3,438 கோடியும் கொடுத்தது. இரண்டாவதை 2016-இல் ஏர்டெல்லுக்கு விற்க ஒப்பந்தம் செய்தபோது பேசிய விலை 3,500 கோடி. போட்ட முதல் அப்படியே திரும்பியது போலத் தோன்றும். 10 சதவீதம் என்று வைத்தாலும் ஆறு ஆண்டு வட்டி மட்டும் 2,000 கோடியைத் தாண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் பேசிய இணைப்பு 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரியில் திவால் மனு. ஜியோதான் கொன்றது என்பது பாதி உண்மை. கடன் சுமை இல்லாதிருந்தால் அந்த அடியை இன்னும் சில காலமாவது தாங்கியிருக்கும்.

அடகுப் பொருளின் விலை ஏறினால் வங்கியின் பாதுகாப்புதான் கூடுகிறது. உங்கள் கல்லாவுக்கு ஒன்றும் வருவதில்லை. மைத்துனர் சொல்லும் 3 லட்சத்தையும் வாங்கினால் வட்டி ஆண்டுக்கு 70,000 ஆகும். அந்தப் பங்கு ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால்தான் புதுக் கடனின் வட்டிக்கே ஈடாகும்.

சவரனை 72,000 என்று குறைத்தே மதிப்பிட்டாலும், ஆறு சவரனை விற்றால் 4.32 லட்சம் கிடைக்கும். சேதாரக் கழிவு போனாலும் அசல் அடைந்து 16 சவரன் வீட்டுக்குத் திரும்பும். வட்டிக்குப் போன தொகையை மாதம் 3,300 ரூபாயாக ஒதுக்கி, விற்ற நகையைச் சிறுகச் சிறுக மீண்டும் சேர்க்கலாம்.

ஆனால் நகை உங்கள் மனைவியுடையது. உங்கள் கடிதத்தில் அவருடைய கருத்து எங்குமே இல்லை. விற்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள், மைத்துனருக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.