ஏலத்தில் வாங்கிய குட்டி நீராவி எஞ்சின்: பாய்லரை நம்பலாமா?

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்றரை அங்குல கேஜ் (தண்டவாள இடைவெளி) 'டிச்' மாடல் ரயில் எஞ்சின் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். செம்பு பாய்லர், சோதனைச் சான்றிதழ் பேப்பர் எதுவும் இல்லை. கம்ப்ரஸர் காற்றில் சக்கரம் நன்றாகச் சுற்றியது. இனி நிலக்கரி போட்டு ஓட்டலாமா?"

வேண்டாம். காற்றில் சக்கரம் சுற்றினால் சிலிண்டர் ஏதோ வேலை செய்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதற்கு 10, 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) போதும், பாய்லர் தாங்க வேண்டியதோ சுமார் 80 பிஎஸ்ஐ. இடைத்தரகர்கள் எப்போதும் காட்டுவது இந்தச் சக்கரத்தையும் புது பெயின்ட்டையும்தான். 'டிச்' பெயர்பெற்ற டிசைன்தான், ஆனால் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய டிசைனர் அதை முதன்முதலாக எஞ்சின் செய்பவர்களுக்காக வரைந்தார், அதனால் உங்கள் பாய்லரைப் பற்றவைத்த கை எப்படிப்பட்டது என்பதை டிசைன் சொல்லாது.

செய்ய வேண்டியது தண்ணீர்ச் சோதனை. துளைகளை அடைத்து, உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்ற வேண்டும். புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு, ஓடிக்கொண்டிருக்கும் பாய்லருக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 80க்கு 120. பேப்பர் இல்லாத உங்களுடையதற்கு எது என்பதை பாய்லர் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் சொல்லட்டும். தண்ணீர் என்றால் விரிசலில் கசிவதோடு போகும், அழுத்திய காற்று என்றால் வெடிக்கும், அதனால் கம்ப்ரஸரை வைத்துப் பாய்லரைச் சோதிக்கவே கூடாது.

இன்னொன்று, இதை நிதானமாகப் படியுங்கள். ஃபயர்பாக்ஸுக்குள் (நிலக்கரி எரியும் பெட்டி) டார்ச் அடித்து, ஸ்டே எனும் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தலைகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதாவது பூசியிருக்கிறதா பாருங்கள். கத்தி முனையில் சுலபமாகக் கீறல் விழுந்தால் அது சாஃப்ட் சால்டர், அதாவது குறைந்த வெப்பத்திலேயே உருகும் ஈயக் கலவைப் பற்று. அந்தக் காலத்தில் கசிவை அடைக்க அப்படித்தான் செய்தார்கள், இருந்தாலே பாய்லர் வீண் என்று அர்த்தமில்லை. தண்ணீர் மூடியிருக்கும் வரை அங்கே 160 டிகிரி செல்சியஸ் சுமார்தான், சால்டர் தாங்கும். தண்ணீர் இறங்கி ஃபயர்பாக்ஸ் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்தால் 300 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அப்புறம் அதன்மேல் சில்வர் சால்டர் (அதிக வெப்பம் தாங்கும் வெள்ளிக் கலவைப் பற்று) பிடிக்கவே பிடிக்காது, ஈயம் கெடுத்துவிடும். "ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தருகிறேன்" என்று சொல்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

பாய்லரைச் சுற்றிய பழைய உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பிய்க்காதீர்கள்.

இன்ஸ்பெக்டர்கள் மாடல் எஞ்சினியரிங் சங்கங்களின் தன்னார்வலர்கள். பெரும்பாலும் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் பார்ப்பார்கள், அப்புறமும் காத்திருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட சோதனையைச் சந்தா ரசீதோடு கட்டிவைத்திருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் சேருங்கள், வேறு நல்ல வழி இல்லை. நடுவில் விற்றவர் திடீரென்று ஒரு சான்றிதழை அனுப்பினால், அதில் இருக்கும் எண் பாய்லரில் பொறித்த எண்தானா என்று முதலில் பாருங்கள்.